பார்சலிலை வந்த மலைத் தேத்தண்ணிச் செடி என்னது, எப்பிடி அவிக்கிறது, எங்கடை ஆவரசம்பூவை அதுக்குப் பதிலாக் குடிக்கலாமோ

தங்கச்சி, நீங்கள் கேட்டதை ஒருக்கா நானே திருப்பி எழுதிப்போட்டு பதிலுக்கு வாறன், வாசிக்கிற மற்ற ஆக்களுக்கும் விளங்கும். நீங்கள் நெடுங்கேணியிலை இருக்கிறியள், ஜேர்மனியிலை இருக்கிற அண்ணை அனுப்பின பார்சலுக்குள்ளை நூலாலை கட்டின ஒரு கட்டு காய்ஞ்ச தடி வந்திருக்கு, சாம்பல் பச்சை நிறம், நுனியிலை மங்கின மஞ்சள் பூ, தொட்டால் பஞ்சு மாதிரி. அண்ணை போனிலை சொன்னவர் இது கிரேக்க மலைத் தேத்தண்ணி, அம்மாவின்ரை இருமலுக்கும் சீனி வருத்தத்துக்கும் நல்லது எண்டு. உங்கடை கேள்வி நாலு: இது உண்மையிலை என்ன செடி, எப்பிடிப் போடுறது, சீனிக்குக் கேக்குமோ, இதை இஞ்சை வளவிலை வளக்கலாமோ, இல்லையெண்டால் எங்கடை ஆவரசம்பூவே போதுமோ. எண்ணிப் பாத்தால் அஞ்சு வருது, பரவாயில்லை, எல்லாத்துக்கும் சொல்லுறன், கொஞ்சம் நீளமா வரும்.

இந்தச் செடியோடை எனக்குப் பழக்கம் வந்தது சுவிசிலை. பேர்ண் பக்கம் ஒரு ரெஸ்ரோறண்ட் குசினியிலை 11 வருசம் நிண்டனான், எனக்குப் பக்கத்திலை நிண்டு மரக்கறி வெட்டினவர் கொசோவோ அல்பேனியன். அங்கை குசினியளிலை எங்கடை ஆக்களும் அவையும்தான் கனபேர், போர் நடந்த இடத்திலை இருந்து வந்த ரெண்டு சனம், பாஷை விளங்காட்டிலும் ஒருத்தருக்கு ஒருத்தர் கனக்க விளங்கும். மாரி காலத்திலை எனக்கு இருமல் பிடிச்சு விடாமல் நிண்ட ஒரு கிழமை அவர் தன்ரை தாய் ஊரிலை இருந்து குடுத்துவிட்ட ஒரு கட்டைக் கொண்டந்து முறிச்சு ஒரு சட்டியிலை போட்டு அவிச்சுத் தந்தார். ச்சாய் மாலி எண்டு சொன்னார், ச்சாய் எண்டால் தேத்தண்ணி, மாலி எண்டால் மலையின்ரை. வாயிலை வைச்ச உடனை எனக்கு ஞாபகம் வந்தது ஒட்டுசுட்டானிலை எங்கடை அப்பு அவிச்ச குடிநீர்ச் சட்டிதான். மணம் வேறை, ஆனால் அந்த இளஞ்சூட்டிலை தொண்டையிலை இறங்கிற விதம் அதே மாதிரி. அப்பு பரியாரி, ஊரிலை சுத்திவர இருந்த பத்துப் பன்ரெண்டு கிராமத்துக்கு அவர்தான் வைத்தியம் பாத்தவர், நான் சின்னனிலை அவருக்குப் பின்னாலை சாக்குப் பையோடை பத்தையளுக்குள்ளை திரிஞ்சனான். அந்த ரெண்டையும் வைச்சுத்தான் இதை எழுதுறன்.

முதலிலை செடி. இதின்ரை இனப்பேர் சிடெரிடிஸ். துளசி, புதினா, கற்பூரவள்ளி எல்லாம் சேந்த அதே குடும்பம். நீங்கள் ஒரு தடியை எடுத்து ரெண்டு விரலுக்கு நடுவிலை உருட்டிப் பாருங்கோ, வட்டமா உருளாது, நாலு மூலை தட்டுப்படும், துளசித் தண்டும் அப்பிடித்தான், இந்தக் குடும்பத்திலை கனக்கச் செடிக்கு அது ஒரு அடையாளம். சிடெரோஸ் எண்டால் பழைய கிரேக்கத்திலை இரும்பு. வாள், ஈட்டி மாதிரி இரும்பு ஆயுதம் பட்ட காயத்துக்கு இந்தச் செடியளைக் கட்டினபடியாலை அந்தப் பேர் வந்தது எண்டு சொல்லுறவை. இந்த இனத்திலை 150 வகை அளவிலை இருக்கு, துருக்கியிலை மட்டும் 40க்கு மேலை. எல்லா வகையும் ஒண்டில்லை, ஒவ்வொரு மலைக்கும் ஒவ்வொண்டு. ஒலிம்பஸ் மலையிலை வாறது ஸ்கார்டிக்கா வகை, அந்தப் பேரே கொசோவோவுக்கும் மக்கெடோனியாவுக்கும் நடுவிலை நிக்கிற ஷார் மலையின்ரை பழைய லத்தீன் பேரிலை இருந்து வந்தது, எனக்கு அவிச்சுத் தந்தவரின்ரை தாயின்ரை ஊரும் அந்த மலையடிதான். கிரேக்கத்தின்ரை பர்னாஸ் மலையிலையும் அல்பேனியாவிலையும் றேசெரி எண்ட வகை. கிறீற் தீவிலை இருக்கிற வகையை அந்தச் சனம் மலோத்திரா எண்டு கூப்பிடும், அந்தத் தீவை வெனிஸ்காரர் ஆண்ட காலத்து இத்தாலியன் சொல்லு அது, வருத்தத்தை இழுத்தெடுக்கிறது எண்ட கருத்தாம். பல்கேரியாவிலை றோடோப்பி மலைப் பக்கம் முர்சல் தேத்தண்ணி எண்டு சொல்லுவினம். பேர் எத்தினை இருந்தாலும் அவிக்கிற முறை ஏறத்தாழ ஒண்டுதான்.

இது வளர்ற இடத்தை நினைச்சுப் பாத்தால்தான் ஏன் இஞ்சை வராது எண்டு விளங்கும், அதாலை இப்பவே சொல்லிப்போடுறன். ஆயிரம் மீற்றருக்கு மேலை, சுண்ணாம்புக் கல்லுப் பாறையின்ரை வெடிப்புக்குள்ளை, மண்ணே இல்லாத மாதிரி இடத்திலை நிக்கும். மாரியிலை பனிக்குக் கீழை கிடக்கும், கோடையிலை ஒரு துளி மழை இல்லாமல் வெய்யிலிலை காயும். அந்தப் பஞ்சு மயிர் சும்மா வடிவுக்கில்லை, வெய்யிலையும் காத்தையும் தாங்கத்தான். ஒலிம்பஸ் 2,917 மீற்றர், எங்கடை நாட்டிலை ஆகக் கூடின பீதுருதாலகாலையே 2,524தான், எங்கடை வன்னியிலையோ மலை எண்டு ஏறி நிக்க ஒண்டுமில்லை, அங்கொண்டு இஞ்சொண்டாப் பாறையும் குளக்கட்டும்தான். நான் திரும்பி வரேக்கை விதை கொண்டந்தனான். ஈரக் கடதாசியிலை சுத்தி ஒரு மாதம் பிறிஜ்ஜுக்குள்ளை வைச்சு, குளிர் காட்டினால்தான் முளைக்கும் எண்டதாலை, பிறகு மணலும் கல்லும் கலந்த பையிலை போட்டன். ஏழு கண்டு வந்தது. சித்திரை வெய்யிலைத் தாங்கினது, ஆடிக் காத்தையும் தாங்கினது, ஐப்பசியிலை மழை துவங்கிக் கார்த்திகையிலை விடாமல் கொட்டேக்கை ஒவ்வொண்டா அடி கறுத்துச் சரிஞ்சு போச்சு. கூரைக்குக் கீழை வைச்ச ரெண்டும் தை மட்டும் நிண்டது, பூக்கேல்லை. வெக்கையை விட எங்கடை மாரி ஈரம்தான் அதைக் கொல்லுறது. நுவரெலியாவிலை குளிர் இருக்கே எண்டு சிலர் கேப்பினம், அங்கை இதை விட மழை. அதாலை வளக்கிற எண்ணத்தை விட்டிடுங்கோ, காசும் கண்ணீரும் மிச்சம்.

இனி அவிக்கிறது. இதிலைதான் கனபேர் பிழை விடுறவை. ரீ பாக் மாதிரி நினைச்சு கோப்பையிலை ஒரு பூவைப் போட்டு கேத்தில் தண்ணியை ஊத்தி ரெண்டு நிமிசத்திலை குடிச்சிட்டு, ஒரு ருசியும் இல்லை வைக்கோல் தண்ணி மாதிரி இருக்கு எண்டு எறியிறவை. இது இலை இல்லை தங்கச்சி, தடி. தடி கொதிக்கவேணும். ஒரு ஆளுக்கு ரெண்டு மூண்டு தடி, நிறுத்தால் 2 முதல் 4 கிராம் வரும், பூவோடையும் இலையோடையும் தண்டோடையும் சேத்து விரல் நீளத்துக்கு முறிச்சு ஒரு சின்னச் சட்டியிலை போட்டு ஒண்டரைக் கோப்பை பச்சைத் தண்ணி விட்டு அடுப்பிலை வையுங்கோ. கொதிச்ச உடனை நெருப்பைக் குறைச்சு அஞ்சு நிமிசம், பிறகு இறக்கி மூடிப்போட்டு இன்னும் அஞ்சு நிமிசம். மூடவேணும், மூடாட்டில் மணம் ஆவியோடை போயிடும். வடிச்சால் இளமஞ்சள் நிறமா வரும், நல்லா விட்டால் பொன்னிறம். வடிக்கேக்கை மெல்லிசுத் துணியாலை வடியுங்கோ, ரீ வடியாலை வடிச்சால் அந்தப் பஞ்சு மயிர் தப்பி வந்து தொண்டையைக் கரகரக்கப் பண்ணும், இருமல்காரருக்கு அது இன்னும் இருமலைக் கிளப்பும், இதை ஒருத்தரும் பக்கற்றிலை எழுதுறேல்லை. தேன் விட்டுக் குடிக்கிறவை அவை, தேசிக்காய்ப் புளி ரெண்டு துளி விட்டாலும் நல்லாயிருக்கும். பால் விடக்கூடாது. எங்கடை ஆக்கள் எதுக்கும் பால்மா போடப் பாப்பினம், இதுக்குப் போட்டால் பழுதாப்போகும். அம்மாவுக்குச் சீனி இருக்கிறபடியாலை தேனும் வேண்டாம், பனங்கட்டியும் வேண்டாம், பனங்கட்டி எண்டால் சீனிக்காரருக்குப் பிரச்சினையில்லை எண்டு ஊரிலை சொல்லுறது பிழை, அதுவும் சீனிதான். சும்மா வெறும் தண்ணியாக் குடிக்கட்டும், ரெண்டாம் நாள் பழகிடும்.

இதிலை கஃபீன் இல்லை. அதாலை இரவு படுக்கிறதுக்கு முதல் குடிச்சாலும் நித்திரை குழம்பாது, எங்கடை பிளேன்ரீக்கும் இதுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் அதுதான். அந்த மலை ஊருகளிலை கிழவன் கிழவி தொடக்கம் பள்ளிக்கூடப் பிள்ளை வரைக்கும் மாரியிலை தடிமன் பிடிச்சால் இதைத்தான் குடிக்கிறவை, நாங்கள் கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவிக்கிற மாதிரி.

வைக்கிற விதமும் சொல்லவேணும். பார்சலிலை சவுக்காரம், சம்பு, கோப்பித்தூள் எல்லாத்தோடையும் சேந்து ரெண்டு மூண்டு மாதம் கப்பலிலை வந்திருக்கும், உங்கடை கட்டைப் பிரிச்சு மணந்து பாருங்கோ, சவுக்கார மணம் இருந்தால் ஒரு நாள் நிழலிலை கயிறு கட்டித் தொங்க விடுங்கோ, வெய்யிலிலை வேண்டாம். பிறகு துடைச்சுக் காயவைச்ச பால்மா ரின்னுக்குள்ளை போட்டு இறுக்கி மூடுங்கோ. அவையின்ரை நாட்டிலை துணிப்பையிலை குசினியிலை தொங்கவிட்டாலும் ஒரு வருசம் கிடக்கும், இஞ்சை மாரி ஈரத்துக்கு ஒரு மாதத்திலை பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பிடிச்சால் கழுவி அவிக்கலாமோ எண்டு கேக்கவேண்டாம், எறியுங்கோ.

சரி, வருத்தத்துக்குக் கேக்குமோ. இருமலுக்கு, ஓம். ஐரோப்பிய மருந்துகள் முகமையின்ரை மூலிகைக் குழு 2016இலை இந்தச் செடியின்ரை நாலு வகையைப் பாத்து, தடிமனோடை வாற இருமலுக்கும் வயித்திலை வாற லேசான உபாதைக்கும் குடிக்கலாம் எண்டு ஏற்றுக்கொண்டது. ஆனால் அவை ஏற்றுக்கொண்டது கனகாலமாச் சனம் குடிச்சு வந்த பழக்கத்தை வைச்சுத்தான், பெரிய அளவிலை நோயாளியளிலை சோதிச்சுப் பாத்து இல்லை, இந்த வித்தியாசத்தை மனதிலை வையுங்கோ. சீனி வருத்தத்துக்கு அந்த ஏற்பிலை ஒரு சொல்லும் இல்லை. பேப்பரிலை ஞாபகமறதிக்கு அருமருந்து எண்டும் வந்தது, அது ஜேர்மனியிலை எலியளிலை செய்த ஆராய்ச்சி, எலியிலை நல்லா வந்தது எண்டதுக்காக மனிசருக்கு மருந்தாகாது. அண்ணை அன்பிலை சொல்லியிருக்கிறார், அன்பைப் பிழை சொல்லேல்லை, ஆனால் அம்மா இதைக் குடிச்சிட்டு கிளினிக் குளிசையை நிப்பாட்டினால் அது பெரிய ஆபத்திலை போய் முடியும். எனக்குத் தெரிஞ்ச ஒரு வீட்டிலை அப்பிடி நடந்தது, வேறை ஒரு மூலிகைத் தூளை நம்பி ஆறு மாதம் குளிசையை விட்டவ, காலிலை சின்னக் காயம் ஆறாமல் போய்க் கடைசியிலை விரலை எடுத்தது. அதாலைதான் இதிலை நான் கடுமையாச் சொல்லுறன். இருமலுக்கு ஒரு கிழமை, ஒரு நாளைக்கு ரெண்டு தரம் குடுங்கோ. ஒரு கிழமையிலை நிக்காட்டில், இல்லாட்டி காய்ச்சல், சளியிலை ரத்தம், மூச்சு இழுப்பு, எடை குறையிறது எண்டு ஏதும் இருந்தால் உடனை டொக்டரிட்டைக் காட்டுங்கோ, சளியையும் சோதிக்கச் சொல்லுங்கோ, கசமும் அப்பிடித்தான் துவங்கிறது.

இப்ப எங்கடை ஆவரசு. இதைப் பற்றி எழுத எனக்கு விருப்பம் கூட, ஏனெண்டால் நீங்கள் கேட்ட கேள்விக்குள்ளை ஒரு கவலை இருந்தது, எங்களிட்டை அப்பிடி ஒண்டும் இல்லையோ எண்டு. இருக்கு. மலையிலை இல்லை, வெட்டையிலை இருக்கு. பூநகரியிலை இருந்து மன்னார்ப் பக்கம் போற றோட்டுக் கரையிலை, முள்ளுப் பத்தையளுக்கு நடுவிலை, உவர் காத்து அடிக்கிற வெறும் நிலத்திலை மஞ்சளாப் பூத்து நிக்கும், மாடு ஆடு கனக்கக் கடிக்காது. பட்டையிலை துவர்ப்புக் கூட, அதாலைதான் தோல் பதனிடுறதுக்கு அந்தப் பட்டையைக் காலங்காலமாப் பாவிச்சவை. சிங்களத்திலை ரணவரா எண்டு சொல்லுறது இதைத்தான், அம்பாந்தோட்டை, திஸ்ஸமகாராமைப் பக்கம் றோட்டுக் கரைக் கடையளிலை சர்க்கரைத் துண்டோடை விக்கிறவை, கதிர்காமம் போய் வந்த ஆக்கள் கனபேர் குடிச்சிருப்பியள், அது எங்கடை ஆவரசு எண்டு தெரியாமலே.

"ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" எண்டு அப்பு அடிக்கடி சொல்லுவார். தண்ணி விடாய், உடம்புச் சூடு, மூத்திரக் கடுப்பு, இதுகளுக்கு அவர் குடுத்தவர். 90களிலை வன்னிக்குச் சாமான் வராமல் தடை இருந்த காலத்திலை சீனியும் தேயிலையும் யானை விலை, அப்ப அம்மம்மா விடிய எழும்பி அடுப்பு மூட்டினால் அரைவாசி நாளுக்கு ஆவரசம்பூத் தண்ணிதான், பனங்கட்டியிலை ஒரு கடி, தண்ணியிலை ஒரு மிடறு. அதைக் குடிச்சு வளந்த பிள்ளையளுக்கு இப்பவும் அந்தத் துவர்ப்பு நாக்கிலை நிக்கும்.

செய்யிற விதம் லேசு. காலமை பனி காய்ஞ்ச பிறகு விரிஞ்ச பூவை மட்டும் ஆயுங்கோ, முழுக் கொப்பையும் முறிக்கவேண்டாம், ஒரு செடியிலை மூண்டிலை ஒண்டு எடுத்தால் காணும், மிச்சம் தேனீக்கும் விதைக்கும். பாயிலை பரப்பி நிழலிலை மூண்டு நாலு நாள். காய்ஞ்சதை வெறும் சட்டியிலை மணம் வருமட்டும் லேசா வறுத்து எடுத்தால் பச்சை வாடை போகும், இதைச் சிலர் செய்யிறேல்லை, நான் செய்யிறனான். ஒரு கோப்பைக்கு ஒரு தேக்கரண்டி அளவு, அஞ்சு நிமிசம் கொதி. இஞ்சித் துண்டு ஒண்டு தட்டிப் போட்டால் துவர்ப்பு அமரும்.

ஆனால் ஆளைப் பிழையா ஆயக்கூடாது, இதிலை நிதானமா வாசியுங்கோ. மஞ்சள் பூப் பூக்கிற எல்லாம் ஆவரசு இல்லை. பொன்னாவரை எண்டு ஒண்டு இருக்கு, பேரும் கிட்ட, பூவும் கிட்ட, வீட்டுக் கோடியிலையும் குப்பை மேட்டிலையும் தானா முளைக்கிறது, அதின்ரை விதையைத் திண்டு இந்தியாவிலை சின்னப் பிள்ளையள் செத்திருக்கினம். சீமை அகத்தி வேறை, அது மெழுகுதிரி மாதிரி நேரா நிக்கிற பூக்கொத்து, குடிச்சால் வயித்தாலை போகும், படர்தாமரைக்குப் பூசத்தான் நல்லது. கொன்றை மரம், அது தொங்கிற பூ, ஆருக்கும் தெரியும். ஆவரசைக் கண்டுபிடிக்க நான் பாக்கிறது பூவை இல்லை, இலைக் காம்பு தண்டிலை பொருந்திற இடம். அதிலை ரெண்டு பக்கமும் காது மாதிரி, சிறுநீரக வடிவிலை ஒரு சின்னச் செதில் இலை ஒட்டிக்கொண்டு நிக்கும், உதிராது. தாவரவியல் பேரிலை ஆரிக்குலாட்டா எண்டு வாறதும் காது எண்ட கருத்துத்தான். சின்ன இலையள் 8இலை இருந்து 12 சோடி, நுனி வட்டம். பொன்னாவரைக்கு மூண்டு தொடக்கம் அஞ்சு சோடிதான், நுனி கூர், கசக்கினால் ஒரு கெட்ட வாடை. காய் பாத்தால் ஆவரசுக் காய் தட்டையா, கடதாசி மாதிரி மெல்லிசா, மண்ணிறமா இருக்கும். காதைக் காணாட்டில் ஆயாதேங்கோ.

இன்னொரு விசயம், இதை எங்கடை ஆக்கள் பேசப் பயப்பிடுகினம், ஊர் மூலிகையைக் குறை சொல்லுற மாதிரி இருக்கும் எண்டு. நான் சொல்லுவன். 1981இலையே இலங்கை ஆராய்ச்சிக்காரர் எங்கடை மருந்துச் செடியளைச் சோதிக்கேக்கை ஈரலைப் பழுதாக்கிற ஒரு வகை அல்கலொயிட் (செடிக்குள்ளை தானா உண்டாகிற ஒரு இரசாயனம்) இருக்கிற செடியளிலை ஆவரசையும் சேத்துச் சொன்னவை. 2004இலை எலியளிலை செய்து பாத்த இன்னொரு ஆராய்ச்சியிலை, வலிப்புக்குக் குடுக்கிற கார்பமசிப்பின் குளிசையோடை ஆவரசம்பூத் தண்ணி குடுத்தால் ரத்தத்திலை அந்த மருந்தின்ரை அளவு கூடினது. எலியிலை வந்த நன்மையை நம்பவேண்டாம் எண்டு மேலை சொன்னன், எலியிலை வந்த தீமைக்கு மட்டும் ஏன் பயப்பிடவேணும் எண்டு கேப்பியள். நன்மை பொய்யாப் போனால் ஒரு கோப்பை தண்ணி நட்டம், தீமை மெய்யாப் போனால் ஈரல் நட்டம், அதாலைதான். அப்புவும் ஆவரசைத் தொடந்து குடுத்தது கிடையாது, ஒரு மண்டலம் எண்டு கூடச் சொல்ல மாட்டார், அஞ்சு நாள் குடிச்சிட்டு நிப்பாட்டு எண்டுதான் சொல்லுவார். அவருக்கு அல்கலொயிட் எண்ட சொல்லுத் தெரியாது, கை அனுபவம் தெரியும். அதாலை கிழமையிலை ரெண்டு மூண்டு தரம், விருந்தாளி வந்தால் ஒருக்கா, அவ்வளவுதான், ஒவ்வொரு நாளும் மூண்டு நேரம் பிளேன்ரீக்குப் பதிலா வேண்டாம். பிள்ளைத்தாச்சியள், பால் குடுக்கிற தாய்மார், ஈரல் வருத்தக்காரர், வலிப்புக் குளிசை எடுக்கிறவை இதைத் தொடவேண்டாம். சீனிக் குளிசை எடுக்கிற உங்கடை அம்மா மாதிரி ஆக்களுக்கு ஆவரசு சீனியை இன்னும் கொஞ்சம் இறக்கப் பாக்கும், ரெண்டும் சேந்து இறங்கினால் தலைசுத்து, வேர்வை, கை நடுக்கம் வரும், அதாலை கிளினிக் டொக்டரிட்டைச் சொல்லிப்போட்டுத்தான்.

ஆவரசு மட்டுமில்லை, இன்னும் மூண்டைச் சுருக்கமாச் சொல்லிவிடுறன். நன்னாரி, முத்தையன்கட்டுப் பக்கக் காட்டுக் கரையிலை மெல்லிசுக் கொடியா ஓடும், இலை நடுவிலை வெள்ளைக் கோடு, வேரை முறிச்சு மணந்தால் பிஸ்கற் கடை மாதிரி இனிப்பு மணம், அதை அவிச்சால் கிரேக்க மலைத் தேத்தண்ணியே தோத்துப் போகும் எண்டு நான் நினைக்கிறன். வேரைத் தோண்டேக்கை ஒரு பக்க வேரை விட்டு மண்ணை மூடுங்கோ. வில்வம்பூ, உதிர்ந்ததைப் பொறுக்கிக் காயவைச்சு அவிக்கலாம், வயித்துக்குச் சுகம். தேங்காய்ப்பூக் கீரையை வேரோடை முழுச்செடியா அவிச்சு மூத்திரக் கடுப்புக்குக் குடிக்கிறவை, ஆனால் அதிலை சிறுநீரகத்துக்குக் கூடாத ஒக்சலேற் எண்ட உப்பு இருக்கு, வவுனியாப் பக்கம் சிறுநீரக வருத்தம் கனக்க உள்ள ஊர்களிலை நான் அதைக் குடியுங்கோ எண்டு ஒருத்தருக்கும் சொல்லுறேல்லை.

ஆய்ற இடம். இதைச் சொல்லாமல் நான் பதிலை முடிக்கேலாது. வன்னிக் காட்டுக் கரையிலை எல்லா இடமும் மிதிவெடி எடுத்து முடியேல்லை, சிவப்புப் பலகை இருக்கிற இடத்துக்குக் கிட்டவும் போகவேண்டாம், பலகை இல்லை எண்டாலும் மாடு மேய்க்கிற ஆக்கள் நடக்கிற தடத்தை விட்டு இறங்கவேண்டாம். வைகாசி ஆனியிலை பாலைப்பழம் பழுக்கேக்கை கரடி வரும், அந்த நாளையிலை தனியப் போகவேண்டாம். வனத்துக்குச் சொந்தமான காட்டுக்குள்ளை பிடுங்கினால் சட்டமும் பிடிக்கும். ஆவரசை வளவு வேலியிலை நீங்களே போடலாம், விதைத் தோல் கடினம், கொதிச்சு இறக்கின சுடுதண்ணியிலை ஒரு இரவு ஊறப்போட்டு மாரிக்கு முதல் ஊண்டினால் முளைக்கும், ரெண்டாம் வருசம் பூ. அந்தக் கிரேக்கச் செடிக்கு மாதிரிப் பிறிஜ் வேண்டாம், குளிர் வேண்டாம், தண்ணியும் கனக்க வேண்டாம்.

வேரோடை பிடுங்கிறதைப் பற்றியும் ஒண்டு. அந்த மலைநாடுகளிலை இந்தத் தேத்தண்ணிக்கு வெளிநாட்டிலை விலை வந்த பிறகு சனம் கத்திரிக்கோலாலை வெட்டாமல் செடியை இழுத்தெடுக்கத் துவங்கிச்சு, பாறை வெடிப்பிலை மெல்ல மெல்ல வளர்ற செடி, வேர் போனால் அந்த இடத்திலை திரும்ப வராது. இப்ப பல்கேரியாவிலை காட்டிலை ஆயக் கட்டுப்பாடு, கிரேக்கத்திலையும் அல்பேனியாவிலையும் தோட்டமாப் பயிரிட்டுத்தான் கூட விக்கினம். எனக்கு அவிச்சுத் தந்தவரின்ரை தாய், மலைக்குப் போனால் தடியின்ரை அடியிலை மரமான பாகத்துக்கு மேலை வெட்டி, நாலைஞ்சு பூந்தடியை விதைக்கு விட்டிட்டு வருவாவாம். எங்கடை அப்பு நன்னாரியிலை செய்ததும் அதேதான், ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கண்டதில்லை.

அண்ணை அனுப்பின கட்டு எவ்வளவு வரும், ஒரு 50 கிராம் இருக்குமோ? அப்பிடியெண்டால் ஒரு தரத்துக்கு 3 கிராம் அளவிலை போட்டால் அம்மாவுக்கு ஒரு கிழமைக்குக் காணும், மிஞ்சினதை அடுத்த மாரி இருமலுக்கு ரின்னிலை வையுங்கோ, ஒரு வருசத்துக்கு மேலை வைக்கவேண்டாம், மணம் போயிடும். குடுக்கிறதுக்கு முதல் அம்மாவின்ரை கிளினிக் கொப்பியிலை இருக்கிற குளிசைப் பேரெல்லாத்தையும் ஒரு துண்டிலை எழுதி இதையும் கொண்டு போய் டொக்டரிட்டைக் காட்டுங்கோ. உங்கடை வேலிக் கரையிலை நிக்கிறது ஆவரசுதானோ எண்டு சந்தேகமெண்டால் இலைக் காம்பு பொருந்திற இடத்தைக் கிட்டப் பிடிச்சு ஒரு படம் எடுத்துப் போடுங்கோ, காது தெரியவேணும், பாத்துச் சொல்லுறன்.